பம்புக் குட்டை, நாலாவது வரி

என் பெயரை அக்கா எனக்கே அனுப்பிவைத்தாள்.

சனிக்கிழமை காலை, ராவாங்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் ஒரு படம் வந்தது. ஆங்கில ஆய்விதழ் ஒன்றின் பக்கம். தலைப்புக்குக் கீழே இரண்டு பெயர்கள்: முதலாவது என்னுடையது, இரண்டாவது என் மேற்பார்வையாளருடையது. அதற்கும் கீழே ஆய்வுச் சுருக்கம். அதில் ஒரு வாக்கியத்தைச் சுற்றி யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். கூடவே ஒரு குரல் பதிவு. எனக்குத் தெரியாத ஓர் ஆள் பேசினார்: "பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துக் குட்டை மீனெல்லாம் வெசம். யுனிவர்சிட்டிக்காரங்களே செக் பண்ணி எழுதிட்டாங்க. பாத்து சாப்புடுங்க. எல்லா குரூப்புக்கும் அனுப்பிவிடுங்க."

படத்துக்குக் கீழே அக்கா ஒரே வரி எழுதியிருந்தாள். "இது ஒன் பேருதானே?"

என் பெயர்தான். வாக்கியமும் என்னுடையதுதான். "ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குட்டைகள் சிலவற்றில் உலோகத்தின் அளவு பாதுகாப்பு வரம்பைத் தாண்டியிருந்தது" என்று எழுதியிருந்தேன். 'சிலவற்றில்' என்ற சொல் வட்டத்துக்குள் இருந்தது. குரல் பதிவில் இல்லை.

எங்கள் பக்கத்தில் வெள்ளீயம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள் மழைநீர் நின்று ஏரிகளாகிவிட்டன. எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் அவை எவ்வளவு பெரிதாகக் கிடந்தாலும் எங்களுக்குக் குட்டைகள்தான். என் முதுகலைப் படிப்புக்கு அவற்றில் ஏழு குட்டைகளின் நீரையும் மீனையும் சோதித்தேன். ஐந்தில் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டில் இருந்தது. எந்த இரண்டு என்பது கட்டுரைக்குள்ளே, மூன்றாம் அட்டவணையில் இருந்தது.

அப்போது அக்கா ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆய்வு முடிந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி: "எந்தக் குட்டைல நல்ல தண்ணி?" பம்புக் குட்டை என்றேன். அதன் கரையில் பழைய பம்பு வீடு ஒன்று இடிந்து கிடக்கிறது. அதனால் அந்தப் பெயர். அவளும் அத்தானும் அனுமதி வாங்கி, அங்கே வலைக் கூண்டுகள் கட்டி, திலாப்பியா மீனும் பாத்தின் கெளுத்தியும் விட்டார்கள். என் ஒரு சொல்லை நம்பி அவள் வேலையை விட்டாள். நான் எதையும் பட்டியல் போட்டு வைத்துக்கொள்ளும் ஆள். இதை மட்டும் எந்தப் பட்டியலிலும் எழுதவில்லை. எழுதாமலே நினைவில் இருந்தது.

அவளைக் கூப்பிட்டேன்.

"எத்தன நாளா சுத்துது இது?"

"நாலு நாளா. மொதல்ல வெறும் வாய்ஸ்தான் வந்துச்சி. இப்ப எவனோ சான்று ஒட்டி அனுப்புறான்." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "நம்ம வீட்டுப் புள்ளயே சான்று."

"யாராச்சும் மீனு வேணாம்னு சொன்னாங்களா?"

"ராவாங் சாப்பாட்டுக் கடைக்காரரு நேத்து சொல்லிட்டாரு, கொஞ்ச நாளைக்கு வேணாம்னு."

அவர்தான் அவளுடைய பெரிய வாடிக்கை. மற்ற இரண்டு சின்னக் கடைகளும் அவர் வாங்குவதைப் பார்த்து வாங்குபவை.

"கூண்டு நெறஞ்சி போச்சிடி," என்றாள். "இந்த வாரம் வல போட்டாவணும். பத்து நாளு தாண்டுனா ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கும். வெயிலு வேற. அப்பறம் மொதக்க ஆரம்பிச்சிரும்."

துணியை அப்படியே வாளியில் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

பம்புக் குட்டைக்குப் போகும் செம்மண் சடக்கில் செம்பனைப் பழக்குலை ஏற்றிய லோரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தபோது, அக்கா அத்தானின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மிதவைப் பலகையில் நின்று தீனி வீசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொதிப்பதுபோல் மீன்கள் மேலே வந்தன. அவள் சொன்னது மிகையில்லை. கூண்டுக்குள் இடமில்லை.

"நல்லாருக்குனு எழுதிருக்கேல்ல?" என்றாள். "காட்டு."

"மூணாவது அட்டவணைல இருக்கு." கைப்பேசியில் ஆய்விதழின் தளத்தைத் திறந்தேன். சுருக்கம் வரை வந்தது. அதற்குக் கீழே ஒரு சாம்பல் நிறப் பெட்டி: முழுக் கட்டுரையும் வேண்டுமானால் டாலரில் பணம் கட்டுங்கள். படிக்கும் காலத்தில் பல்கலைக்கழகக் கணக்கு வழியாக அந்தப் பெட்டி தானாகத் திறந்துகொள்ளும். இப்போது எனக்கு அந்த வசதி இல்லை. என் பெயருக்குக் கீழேயே என்னை வெளியே நிறுத்தியிருந்தார்கள்.

அக்கா எட்டிப் பார்த்தாள். "நீ ஆக்குன சோத்த நீயே காசு குடுத்து வாங்கணுமா லா?"

"என் லெப்டோப்புல ஒரு காப்பி இருக்கு."

"அப்ப வா, போவோம்."

இரண்டு மணிக்கு மேல், கூட்டம் குறைந்த நேரத்தில், ராவாங் கடைக்குப் போனோம். கடைக்காரர் எங்கள் தோட்டத்து ஆள்தான். லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்து, ராவாங்குக்குப் போய்க் கடை போட்டவர். வாழையிலைச் சாப்பாட்டோடு அவர் ஊற்றும் மீன் குழம்புக்காகவே கிள்ளானிலிருந்தெல்லாம் ஆள் வருவார்கள். எங்களைக் கண்டதும் எழுந்து, இரண்டு தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, ஒன்ன நம்புறேன், ஒன் மீனையும் நம்புறேன். ஆனா வர்றவன் போன்ல அந்த வாய்ஸப் போட்டுக் காட்டுறான். பதிலுக்கு நா என்னாத்த காட்டுறது?" என்று அக்காவிடம் கேட்டார்.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி, மூன்றாம் அட்டவணையைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தார்.

"பி-ஒண்ணு, பி-ரெண்டு, பி-நாலு. இது என்னாம்மா, ஷாப்பிங் மால் கார் பார்க்கா?"

அக்கா சிரித்துவிட்டாள்.

"பி-நாலுதான் பம்புக் குட்டைண்ணே," என்றேன்.

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"மீனு யாருது?"

"அக்காவுது."

"நல்லாருக்கு போ. அக்கா மீனுக்குத் தங்கச்சி சர்ட்டிபிகேட்டு." குரலில் கேலி இருந்தது, கோபம் இல்லை. "நா நம்புவேன். ஊரு நம்புமா? இது ஒன் கம்ப்யூட்டர்ல இருக்கு. நீயே அடிச்சதுனு சொல்லுவான். யுனிவர்சிட்டி எடத்துல இருக்கட்டும், எவன் வேணா தொறந்து பாக்குற மாரி. குட்டை பேரும் இருக்கட்டும். கொண்டா, நானே அந்த குரூப்புல போடுறேன்."

அவர் கேட்டதில் ஒரு சொல்கூட அநியாயமில்லை. தேநீர் ஆறுவதற்குள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்று, பல்கலைக்கழகத்தின் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு, யாருக்கும் இலவசமாகத் திறக்க வேண்டும். மூன்று, குட்டைகளுக்குப் பெயர் வேண்டும்.

முதல் இரண்டுக்கும் வழி இருப்பதை அன்று மாலையே அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கண்டுபிடித்தேன். ஆய்விதழின் தளத்தில், யாரும் போகாத மூலையில், ஆசிரியர்களின் உரிமைகள் என்று ஒரு பக்கம் இருந்தது. கட்டுரைக்கு மூன்று வடிவங்கள் உண்டு என்றது அந்தப் பக்கம். நாங்கள் முதலில் அனுப்பியது ஒன்று. நடுவர்கள் சொன்ன திருத்தங்களைச் செய்த பிறகு இதழ் ஏற்றுக்கொண்டது இரண்டு. அவர்கள் பக்கம் கட்டி, முத்திரை போட்டு வெளியிட்டது மூன்று. மூன்றாவது அவர்களுக்குச் சொந்தம். இரண்டாவதை, கட்டுரை வெளியாகிப் பன்னிரண்டு மாதம் கழிந்த பின், ஆசிரியரே தன் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் கொண்டுபோய் வைக்கலாம். யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

வெளியான மாதத்திலிருந்து விரல்விட்டு எண்ணினேன். மறுபடி எண்ணினேன். பதின்மூன்று மாதம் ஆகியிருந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னாடி, லாட்டரில நம்பர் அடிச்ச மாரி நிக்கிற?"

"அதவிட நல்லது."

ஒரு மாதமாக அந்தக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது; நான்தான் போகவில்லை. முதலாம் ஆண்டில் நூலகம் இதைப் பற்றி ஒரு விளக்கக் கூட்டமே நடத்தியது. உங்கள் கட்டுரையை நீங்களே சேமித்து வையுங்கள் என்று ஓர் அலுவலர் ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அன்று தின்னக் கொடுத்த கறிபாப் மட்டும்தான் நினைவில் நின்றது.

கடைக்காரர் கேட்ட மூன்றாவது, குட்டைகளின் பெயர், அது இல்லாமல் போனதுதான் என் தவறு. அதைச் சொல்லிவிட வேண்டும்.

என் முதல் வரைவில் பெயர்கள் இருந்தன. களக் குறிப்பேட்டில் ஏழு குட்டைகளையும் எங்கள் தோட்டத்தில் கூப்பிடும் பெயரில்தான் எழுதிவைத்திருந்தேன்: கப்பல் குட்டை, சாமிக் குட்டை, மண்டோர் குட்டை, பம்புக் குட்டை இப்படி. இவை எந்த நில வரைபடத்திலும் கிடையாது. தோட்டத்துத் தமிழர்கள் வாயில் மட்டும் இருப்பவை. கட்டுரையாக்கும்போது நானே அவற்றை எடுத்துவிட்டு பி-1, பி-2 என்று போட்டேன். மேற்பார்வையாளர் சொல்லவில்லை. நடுவர்கள் கேட்கவில்லை. ஒரு தோட்டத்துக் கங்காணியின் பெயரில் 'மண்டோர் குட்டை' என்று வெளிநாட்டு இதழில் எழுதினால் சிரிப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எழுத்தும் எண்ணும் போட்டால் அறிவியல் மாதிரி இருந்தது. அந்தக் குட்டைகளில் மீன் பிடிக்கிறவர்களுக்கு என் அட்டவணை கார் நிறுத்துமிடம் மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பசியாறிவிட்டு, அக்காவின் கப்சாய் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். குட்டை குட்டையாகப் போய், என் பழைய குறிப்பேட்டில் இருந்த பெயரும் கைப்பேசி காட்டும் இருப்பிடமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்ப்பது திட்டம். என் நினைவை மட்டும் நம்பக்கூடாது என்று முடிவெடுத்திருந்தேன். எந்தக் குட்டை கெட்டது என்று ஊருக்குச் சொல்லப்போகிறேன்; ஒரு பெயர் மாறினாலும் நல்ல குட்டைக்குக் கெட்ட பெயர்.

கப்பல் குட்டையில் சந்தேகமில்லை. ஈயம் அள்ளிய பெரிய மிதவை இயந்திரத்தை எங்கள் ஆட்கள் கப்பல் என்றே சொல்வார்கள். அது கடைசியாக நின்ற குட்டை அது. இரண்டாவது, சாமிக் குட்டை.

"சாமிக் குட்டைனு மேல் லயத்துக்காரங்க சொல்லுவாங்க," என்றாள் அக்கா. "கீழ் லயத்துல கரகக் குட்டை. திருவிழாக்கு அங்கதான கரகம் ஜோடிச்சி பாலிப்பாங்க."

"ரெண்டையும் எழுதிக்கிறேன்."

"எழுது. இல்லேன்னா கீழ் லயத்துக்காரன் சண்டைக்கி வருவான். லயமே இல்ல இப்ப, சண்ட மட்டும் இருக்கு."

"மண்டோர் குட்டைக்கு ஏன் அந்தப் பேரு?"

"ஒரு மண்டோர் சைக்கிளோட விழுந்துட்டாராம்."

"விழுந்தாரா?"

"விழுந்தாரா, தள்ளிவிட்டாங்களானு அது தனி ஆராய்ச்சி. டாக்டர் பட்டத்துக்கு வச்சிக்க."

ரெண்டாங்கட்டைக் குட்டையில்தான் வண்டியை நிறுத்தி இறங்க வேண்டியிருந்தது. இரண்டாவது மைலில் இருப்பதால் அந்தப் பெயர். கட்டை என்றால் எங்களுக்கு மைல். என் ஆய்வில் வரம்பைத் தாண்டிய இரண்டில் ஒன்று கப்பல் குட்டை, மற்றது இது. குறிப்பேட்டில் 'ரெண்டாங்கட்டை' என்று மட்டும் இருந்தது. ஆனால் சடக்குக்கு இரண்டு பக்கமும் குட்டை இருந்தது.

"ரெண்டுக்குமே அதாண்டி பேரு," என்றாள் அக்கா.

கைப்பேசியை எடுத்து, மாதிரி எடுத்த நாளின் இருப்பிட எண்களை ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டேன். இடது பக்கக் குட்டைக் கரையில், நான் அன்று நின்ற அதே சிமெண்டுத் திட்டின்மேல் போய் நின்றேன். எண்கள் ஒத்துப்போயின. இடது. குறிப்பேட்டில் 'ரெண்டாங்கட்டை, பெர்ஜுந்தாயிலிருந்து வரும்போது இடது பக்கம்' என்று எழுதி, இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். அக்காவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"எதுக்குடி?"

"சாட்சி."

அவள் கரை மண் ஒட்டிய விரலால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் ஒரு மீனையும் வரைந்தாள்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில், நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில், ரொட்டியை ஒரு கையில் வைத்துக்கொண்டு களஞ்சியத்தைத் திறந்தேன். என் பல்கலைக்கழக மின்னஞ்சல் இன்னும் உயிரோடு இருந்தது. கட்டுரை, தலைப்பு, ஆசிரியர்கள், ஆய்விதழ் என்று பெட்டி பெட்டியாக நிரப்பக் கேட்டது. இப்படி நிரப்புவதில் எனக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. கடைசிப் பெட்டியில் கோப்பைப் போட்டு அனுப்பினேன். இடைவேளை முடிய ஐந்து நிமிடம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நூலகத்துக்குத் தொலைபேசி போட்டேன். களஞ்சியத்தைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர் மலாய்க்காரப் பெண். அவசரமே இல்லாத குரல். நான் போட்டது இதழ் முத்திரை உள்ள மூன்றாவது வடிவம் என்றார். அதை ஏற்க முடியாது. ஏற்றுக்கொள்ளப்பட்ட படி வேண்டும். அதுதான் என்பதற்கு அத்தாட்சியும் வேண்டும். விதியைப் படித்துவிட்டு எழுந்து நின்றவளே விதியை மீறியிருந்தேன். அவசரத்தில், பார்க்க அழகாக இருந்த கோப்பை எடுத்துப் போட்டுவிட்டேன்.

"எத்தனை பேர் இதே தவறைச் செய்கிறார்கள்?" என்று மலாயில் கேட்டேன்.

"கிட்டத்தட்ட எல்லாரும்," என்றார். "பேராசிரியர்கள்தான் அதிகம்."

மடிக்கணினியில் தேடினேன். பட்டியல் போட்டு வாழும் என் கோப்புறையைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது. 'ஃபைனல்' ஒன்று. 'ஃபைனல் 2' ஒன்று. அதற்குப் பிறகு 'ஃபைனல் பெத்துல்', மலாயில் 'நிஜமான ஃபைனல்'. அதற்கும் பிறகு 'ஃபைனல் பெத்துல் பெத்துல்'. நான்கிலும் தலைப்பு ஒன்றே, தேதியும் ஒரே வாரம்.

அப்போதுதான் இரண்டாவது நடுவர் நினைவுக்கு வந்தார். கடைசிச் சுற்றில் அவர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார்: மூன்றாம் அட்டவணைக்குக் கீழே, எங்கள் கருவியால் அளக்க முடிந்த மிகக் குறைந்த அளவு என்ன என்று ஓர் அடிக்குறிப்பு. அன்று அவரை மனத்துக்குள் நன்றாகத் திட்டியிருந்தேன். நான்கு கோப்புகளையும் திறந்து அந்த அட்டவணைக்குப் போனேன். முதல் மூன்றிலும் அடிக்குறிப்பு இல்லை. 'பெத்துல் பெத்துல்' கோப்பில் இருந்தது. இதழாசிரியர் ஏற்றுக்கொண்டு அனுப்பிய மின்னஞ்சலும் மறுநாள் தேதியில் கிடைத்தது. இதுதான் அந்தப் படி, இது அத்தாட்சி. சோதனைக்கூடத்தில் யாரும் இல்லாததால் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.

குட்டைப் பெயர்களை அந்தப் படியில் சேர்க்கக்கூடாது என்றார் அலுவலர். ஏற்றுக்கொண்ட பிறகு ஓர் எழுத்தும் மாறக்கூடாது. ஆனால் அதோடு தனியாக ஒரு துணைக் கோப்பு வைக்கலாம், தேதி போட்டு, யார் தயாரித்தது என்று எழுதி. மேற்பார்வையாளரும் சம்மதிக்க வேண்டும்.

மேற்பார்வையாளருக்கு நடந்ததை எல்லாம் எழுதினேன். பதில் ஒரு மணி நேரத்தில் வந்தது. 'போலே', செய்யலாம் என்று ஒரு சொல். அடுத்த வரியில்: உன் அக்கா அந்தக் குட்டைகளில் ஒன்றில் மீன் வளர்க்கிறாள் என்பதையும் அதில் எழுது, நாம் மாதிரி எடுத்த பிறகுதான் தொடங்கினாள் என்பதையும் எழுது, மறைத்தால்தான் ஊர் கதை கட்டும்.

எழுதினேன். துணைக் கோப்பில் ஏழு வரிகள். ஒவ்வொரு வரியிலும் கட்டுரையில் உள்ள குறியீடு, ஊரார் வழங்கும் பெயர், இருப்பிடம், வரம்புக்குள் இருக்கிறதா இல்லையா என்று ஒரு சொல். அடியில் மாதிரி எடுத்த மாதம், அக்காவைப் பற்றிய குறிப்பு.

தேடு சொற்களுக்கான பெட்டியில் முதலில் ஊரின் புதிய பெயரான பெஸ்தாரி ஜெயாவைப் போட்டேன், பிறகு எங்கள் வாயை விட்டு இன்னும் போகாத பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற பழைய பெயரை. பிறகு, ஏற்குமா என்று தெரியாமல், தமிழ் எழுத்திலேயே 'பம்புக் குட்டை' என்று அடித்தேன். சேமி என்ற பொத்தானை அழுத்தினேன். பக்கம் ஒரு நொடி வெள்ளையாகி மீண்டு வந்தது. எழுத்துகள் அப்படியே இருந்தன. ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. மற்ற ஆறையும் வரிசையாக அடித்தேன்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, கையில் பிப்பெட்டோடு நின்றபோது கைப்பேசி அதிர்ந்தது. வேலையை முடித்து, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவிவிட்டுத்தான் பார்த்தேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. கீழே நிலையான இணைப்பு. என் கணக்கிலிருந்து வெளியேறி, யாரோ ஒருத்தியைப்போல் களஞ்சியத்தின் தேடுபெட்டிக்குப் போய் 'கப்பல் குட்டை' என்று தமிழில் தேடினேன். ஒரே ஒரு முடிவு வந்தது. என்னுடையது. திறந்தேன். திறந்தது. சாம்பல் பெட்டி இல்லை. கடைசிப் பக்கம்வரை இறங்கினேன், மேலே வந்தேன், மறுபடி இறங்கினேன்.

அக்காவுக்கு இணைப்பை அனுப்பினேன். அரை நிமிடத்தில் பதில் வந்தது: "தொறக்குது." அடுத்தது: "காசு கேக்கல." அடுத்தது: "நம்ம குட்டை பேரு போட்டிருக்கு லா."

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கடைக்குப் போனோம். இந்த முறை மடிக்கணினியை எடுத்துப் போகவில்லை. கடைக்காரரின் கைப்பேசியிலேயே அவரையே திறக்கச் சொன்னேன். பல்கலைக்கழகத்தின் முகவரியைப் பார்த்தார், தலையாட்டினார். துணைக் கோப்பைத் திறந்து, பெரிதாக்கி, விரலை வைத்து மேலிருந்து படிக்க ஆரம்பித்தார்.

விரல் முதல் வரியைத் தாண்டவில்லை.

"கப்பல் குட்டை," என்றார்.

விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினார்.

"வரம்பு தாண்டியதுனு போட்டிருக்கு."

"ஆமாண்ணே."

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நா அங்கதாம்மா தூண்டி போடுறேன்."

"தெரியும்ணே," என்றாள் அக்கா. "போன மாசம்கூட போட்டோ போட்டீங்க, ஒரு தோமானக் கட்டிப் புடிச்சிக்கிட்டு." தோமான் விரால் இனத்துப் பெரிய மீன், பிடித்தவர் சும்மா இருக்கமாட்டார்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஒரு வாரமா இவ மீன வேணாம்னுட்டு, அந்தக் குட்டைத் தோமான வீட்டுக்காரிகிட்ட குடுத்துக் கொழம்பு வைக்கச் சொன்னவன் நானு." பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, "தம்பி, பின்னாடி சின்ன ஃப்ரீசர்ல என் மீனு இருக்கு பாரு. யாரும் தொட வேணாம். நா வந்து எடுத்துக்கிறேன்," என்றார்.

மறுபடி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். அக்காவைப் பற்றிய குறிப்பை வாய்விட்டே படித்தார். மாதிரி எடுத்த மாதத்தில் விரலை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"பழசா இருக்கே."

"ஆமாண்ணே. கட்டுரை வர நேரமெடுக்கும்."

"அப்ப வருஷா வருஷம் எடுக்கணும். எடுத்து இதே எடத்துல போடு. பொட்டுனு ஒரு தடவ எழுதிட்டுப் போற வேலையா இது?"

சரி என்றேன். மேற்பார்வையாளர் முந்தின நாளே அதையேதான் கேட்டிருந்தார்; அவருடைய புதிய மாணவி ஒருத்தி வருகிறாள், குட்டைகளைக் காட்ட ஆள் வேண்டும், அக்கா வருவாளா என்று. என் குறிப்பேட்டில் அதற்கு ஏற்கெனவே ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

அவர் குரல் பதிவு வந்த குழுவைத் திறந்தார். இணைப்பை ஒட்டினார். கட்டைவிரலால் நிதானமாக ஒரு வரி தட்டி, அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டினார்: "முழுசா படிங்க. ஏழுல ரெண்டுதான். அந்த ரெண்டுல ஒண்ணு நா மீன் புடிக்கிற குட்டை." அனுப்பினார். பிறகு அக்காவிடம், "காலைல எத்தன மணிக்கி வல போடுவ?" என்றார்.

"விடியுறதுக்குள்ள."

"ரெண்டு பங்கா கொண்டாந்துரு. போன வாரத்துதும் சேத்து."

சனிக்கிழமை விடிந்தபோது நானும் மிதவைப் பலகையில் இருந்தேன். அக்காவும் அத்தானும் வலையை இழுக்க, ஐஸ் பெட்டிகளுக்கு நான் எண் போட்டேன். கூண்டின் ஒரு மூலையில் நெடுநாளுக்குப் பிறகு வெறும் தண்ணீர் தெரிந்தது.

அடுத்த மாதம் அந்தக் கடைக்குச் சாப்பிடப் போனேன். கை கழுவும் இடத்துக்கு மேலே, துணைக் கோப்பின் ஏழு வரிகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருந்தார். கீழே களஞ்சியத்தின் முகவரி. நாலாவது வரியில் மஞ்சள் மையில் ஒரு கோடு. முதல் வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் சின்னதாக ஒரு தோமான் வரைந்து, அதன் கண்ணில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள்.

எனக்குப் பின் மேசையில் ஒருவர், "மீனு எந்தக் குட்டை?" என்று கேட்டார்.

இலை போட வந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நாலாவது வரிண்ணே," என்றார்.

நான் மீன் குழம்பே சொன்னேன்.